மூளையை இணைய அட்லஸில் படிப்பது எப்படி: நான் தடுக்கி விழுந்த இடங்களோடு

பிசியோதெரபி படிப்பில் நரம்பியல் வார்டுக்கு வந்து எனக்கு இரண்டாவது வாரம். பக்கவாதம் வந்த ஒருவர். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வெளிச்சப் பெட்டியில் அவருடைய சி.டி. ஸ்கேன் பிலிம் தொங்குகிறது. அதன் இடப்பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு.

"எந்தப் பக்கம்மா அடைப்பு?" என்று பேராசிரியர் கேட்டார்.

"இடது, சார்" என்றேன், கொஞ்சமும் தயங்காமல்.

"சரி. இடது மூளையில அடைப்பு இருந்தா இடது கை ஏம்மா விழுது?"

மூளையின் இடப்பாதிதான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். இறங்கி வரும் இயக்க நரம்பிழைகளில் 100க்கு 85 முதல் 90 வரை முகுளத்தின் அடிப்பகுதியில் பக்கம் மாறுகின்றன என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் படித்ததெல்லாம் அம்புக்குறி போட்ட படங்கள். அம்புக்குறி இல்லாத மூளையை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அன்று இரவே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு மாதம் எந்த வழியாகப் போனேன், எங்கே மாட்டினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான்கு மடல்கள், சிறுமூளை, மூளைத்தண்டு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மறந்திருந்தால் பாடநூலை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வாருங்கள்.

படி 1: 3டி மாதிரி, மூன்றே நாள்

பிரெய்ன்ஃபேக்ட்ஸ் தளத்தில் '3டி பிரெய்ன்' என்ற மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ் நடத்தும் தளம் அது, காசு கிடையாது. ஒரு பகுதியின் பெயரைத் தட்டினால் மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி மங்கி அது மட்டும் தெரியும். தலாமஸ், காடேட், ஹிப்போகேம்பஸ், அமிக்டலா, கார்பஸ் கலோசம் என்று ஒவ்வொன்றாகத் தட்டி, விரலால் சுழற்றிப் பாருங்கள். எது உள்ளே, எது வெளியே, எதற்குப் பக்கத்தில் எது என்று மனதில் பதிந்தால் போதும்.

மூன்று நாளுக்கு மேல் அங்கே உட்காராதீர்கள். சுழற்றச் சுழற்ற எல்லாம் புரிந்துவிட்டது போல ஒரு சுகம் வரும். அது பொய். வண்ணங்கள் வேறு ஏமாற்றும். நான் பார்த்த ஒரு மாதிரியில் ஹிப்போகேம்பஸ் மஞ்சளாக இருந்தது. அதற்கப்புறம் கறுப்பு வெள்ளை எம்.ஆர்.ஐ.யைப் பார்க்கும்போதும் என் கண் மஞ்சளைத்தான் தேடியது. நிஜ மூளையில் எதற்கும் நிறம் பூசி வைத்திருக்கவில்லை.

படி 2: வெட்டுகள்

ஸ்கேன் என்பது துண்டு போட்ட மூளை. படுக்கைவாக்கில் வெட்டினால் ஆக்சியல். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மேலிருந்து கீழாக வெட்டினால் கொரோனல். மூக்கிலிருந்து பிடரிக்கு வெட்டினால் சஜிட்டல். எல்லாரும் ஆக்சியலில் தொடங்கச் சொல்வார்கள். நான் சஜிட்டலில், அதுவும் நட்டநடு வெட்டில் தொடங்கச் சொல்வேன். அதில் கார்பஸ் கலோசம் வளைந்த வெள்ளைப் பட்டையாகப் பளிச்சென்று தெரியும். அதன் கீழே தலாமஸ், பின்னால் கீழே சிறுமூளை, அதற்கு முன்னால் மூளைத்தண்டு. ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வரும்.

இன்னொன்று. எம்.ஆர்.ஐ.யில் டி1 வகைப் படத்தில் மூளைத் தண்டுவட நீர் கறுப்பாகவும், டி2 வகையில் வெள்ளையாகவும் தெரியும். படத்தைத் திறந்ததும் நடுவில் இருக்கும் நீரறை என்ன நிறம் என்று முதலில் பாருங்கள்.

படி 3: இடது எது, வலது எது (இங்கேதான் நான் விழுந்தேன்)

வயிற்று ஸ்கேன் என்றால் கல்லீரல் எந்தப் பக்கம் என்று பார்த்தே வலது இடதைச் சொல்லிவிடலாம். மூளையில் அப்படி ஒரு கல்லீரல் இல்லை. இரண்டு பாதியும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். படம் திரும்பியிருந்தாலும் தெரியாது.

நான் செய்தது இது. அண்ணனைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொன்னேன். காலடியில் போய் நின்றேன். அவன் வலது கை என் இடப்பக்கம் இருந்தது. மருத்துவமனையில் ஆக்சியல் படத்தை இப்படித்தான் காட்டுகிறார்கள்: நோயாளி படுத்திருக்க, நாம் காலடியிலிருந்து தலையை நோக்கிப் பார்ப்பது போல. அதனால் படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். கொரோனலும் அப்படியே, அவர் நமக்கு எதிரே நிற்பது போல. இதைக் கதிரியக்க முறை என்பார்கள்.

அப்புறம் அண்ணனைப் படுத்தபடியே இருக்கச் சொல்லிவிட்டுத் தலைமாட்டுக்குப் போனேன். இப்போது அவன் வலது கை என் வலப்பக்கம். மூளை ஆய்வாளர்கள் பலர் இப்படி, இடதை இடதாகவே வைத்துப் படம் போடுகிறார்கள். இது நரம்பியல் முறை. இரண்டு முறையும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் வில்லங்கமே. இலவச மென்பொருள்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஐடிகே-ஸ்னாப் திறந்தவுடன் கதிரியக்க முறையில் காட்டும், எஸ்பிஎம் நரம்பியல் முறையில் காட்டும். ஒரே ஸ்கேனை இரண்டிலும் திறந்தால் கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக இருக்கும்.

அதனால் எந்தப் படத்தைத் திறந்தாலும் மூளையைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். 'ஆர்' அல்லது 'எல்' என்ற எழுத்து எங்காவது இருக்கும். அன்று என் பிலிமிலும் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

எழுத்து இல்லாத ஆய்வு அட்லஸ் என்றால் எண்ணைப் பாருங்கள். மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தின் பெயரால் எம்.என்.ஐ. என்று ஓர் அளவுமுறை இருக்கிறது. 152 பேரின் ஸ்கேன்களைச் சராசரி செய்து உருவாக்கிய பொது மூளை அதற்கு அடிப்படை. இடத்தைக் குறிக்க மூன்று எண்கள். முதல் எண் மைனஸில் இருந்தால் இடது, பிளஸில் இருந்தால் வலது. இரண்டாவது பிளஸ் என்றால் முன்பக்கம், மூன்றாவது பிளஸ் என்றால் மேல்பக்கம். சுட்டியைத் திரையின் இடப்பக்கம் கொண்டுபோங்கள். முதல் எண் மைனஸாக மாறினால் இடது இடதாகவே இருக்கிறது. பிளஸாக மாறினால் திரும்பியிருக்கிறது. ஐந்து விநாடி வேலை.

படி 4: ஒன்றே இரண்டு இடத்தில் தெரிந்தால்

ஒரு கொரோனல் வெட்டில் காடேட் என்ற பெயர் மேலே ஓர் இடத்திலும் கீழே, பொட்டு மடலுக்குள், இன்னொரு சின்னப் புள்ளியிலும் இருந்தது. அட்லஸில்தான் பிழை என்று நினைத்தேன். மூன்று நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிடாவின் கொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கிப் போய், கீழே வளைந்து, மறுபடி முன்னோக்கி வரும். அந்தக் கொம்பை நடுவே செங்குத்தாக அறுத்தால் மேலே ஒரு பெரிய வட்டம், கீழே ஒரு சின்ன வட்டம். கொம்பு என்னவோ ஒன்றுதான். காடேட்டின் தலை முன்னால் பருத்து, உடல் பின்னால் போய், வால் மெலிந்து பொட்டு மடலுக்குள் வளைந்து இறங்குகிறது. பக்க நீரறையும் அதே வளைவுதான். அதன் பகுதிகளுக்குக் கொம்பு என்றே பெயர். இது புரிந்ததும் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. 3டி மாதிரிக்குத் திரும்பிப் போவதென்றால் இப்போது போங்கள். காடேட்டை மட்டும் பக்கவாட்டில் வைத்து, அதன் மேல் ஓர் அட்டையைச் செங்குத்தாக நகர்த்திப் பாருங்கள்.

படி 5: ஒரே அட்லஸ், தினம் ஐந்து இடம்

நான் எடுத்துக்கொண்டது ஐரோப்பாவின் ஈபிரெய்ன்ஸ் தளத்தில் இருக்கும் ஜூலிக் அட்லஸ். உலாவியிலேயே திறக்கிறது. மூன்று வெட்டுகளும் ஒரு 3டி மூளையும் நான்கு கட்டங்களில் ஒரே நேரத்தில் தெரியும்; ஒன்றில் நகர்ந்தால் மற்றவையும் கூடவே நகரும். வெட்டுக்கும் முழு உருவத்துக்கும் உள்ள உறவு கைக்கு வந்தது இதில்தான்.

தினம் ஐந்து இடங்களை, பெயர்களை மறைத்து வைத்துவிட்டு, நானே தேடினேன். இடது ஹிப்போகேம்பஸ் வேண்டுமா? எம்.என்.ஐ. எண்ணில் -28, -20, -14 சுற்றுவட்டாரம். ஆனால் எண்ணைத் தட்டி அங்கே குதிக்காதீர்கள். நடந்து போங்கள். முதலில் நீங்களே கண்டுபிடித்து, அப்புறம் எண்ணைச் சரிபாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தேடல் கையின் இடம். உச்சியை நெருங்கும் ஆக்சியல் வெட்டுகளுக்குப் போங்கள். நெற்றி மடலின் கடைசி மேட்டில் ஓர் இடம் மட்டும் குமிழ் மாதிரிப் பின்னோக்கிப் பிதுங்கியிருக்கும். அந்தக் குமிழ்தான் கையை அசைக்கும் பகுதி. அதன் பின்னால் ஓடுவது நடுப் பள்ளம். எத்தனையோ பள்ளங்கள் இருக்க, நடுப் பள்ளம் எது என்று சண்டை போட்டவர்களுக்கு இந்தக் குமிழ் ஒரு வரம். நான் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளின் கை அசைவு எந்த இடத்திலிருந்து கிளம்ப வேண்டுமோ, அந்த இடத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போனபின் ரேடியோபீடியாவுக்கு மாறுங்கள். அங்கே நிஜ மனிதர்களின் ஸ்கேன்கள், பெயர் விவரம் நீக்கப்பட்டவை, அடுக்கடுக்காக உருட்டிப் பார்க்கலாம். அம்புக்குறி இருக்காது. அதுதான் தேர்வு. ஹார்வர்டின் 'ஹோல் பிரெய்ன் அட்லஸ்' பார்ப்பதற்கு 1990களில் கட்டிய வீடு போல இருக்கும். இருந்தாலும் இயல்பான மூளையோடு பக்கவாதம், கட்டி, அல்சைமர் ஸ்கேன்களும் அங்கே உண்டு. அதையும் ஒதுக்காதீர்கள்.

மூளை மேற்பரப்பின் பகுதிகளுக்கு பிராட்மன் என்ற ஆய்வாளர் 1909இல் கொடுத்த எண்களை எல்லாம் மனப்பாடம் செய்யச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இயக்கத்துக்கு 4, தொடுஉணர்வுக்கு 3, 1, 2, பார்வைக்கு 17, பேச்சுக்கு 44, 45. ஆரம்பத்துக்கு இது தாராளம். காசு கட்டும் செயலிகளும் அழகாகத்தான் இருக்கின்றன. முதல் மூன்று மாதத்துக்கு வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' அட்லஸை எல்லாருமே கேட்கிறார்கள். கருவிலிருக்கும் சிசுவின் மூளை, 5,132 வெட்டுகள், இலவசம். திறந்து பாருங்கள், பிரமிப்பாக இருக்கும். ஆனால் அதில் தொடங்காதீர்கள். அந்தப் பருவத்தில் மூளையின் மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். நாம் அடையாளம் வைத்துத் தேடும் மேடு பள்ளங்கள் அப்போது உருவாகியிருக்காது.

பிற்சேர்க்கை, நீங்கள் கேட்டவை

3டி கட்டம் மட்டும் வெறும் கறுப்பாக இருக்கிறது என்று நான்கைந்து பேர் எழுதியிருந்தீர்கள். உலாவியின் அமைப்புகளில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை இயக்கிவிட்டு உலாவியை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மொபைலில் ஜூலிக் அட்லஸ் எனக்கும் தடுமாறுகிறது. கணினியில் பாருங்கள்.

ஒரே இடத்துக்கு இரண்டு அட்லஸில் இரண்டு பெயர் வருகிறதே என்று ஒருவர் கேட்டார். வரத்தான் செய்யும். ஒருவர் மேடு பள்ளத்தை வைத்து எல்லை போடுகிறார், இன்னொருவர் நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் அடுக்கை வைத்துப் போடுகிறார். அதனால்தான் ஒரே அட்லஸைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்பாவின் ஸ்கேன் குறுந்தகட்டை ஏதாவது தளத்தில் ஏற்றிப் பார்க்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வேண்டாம்மா. பெயரும் வயதும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளை உன் கணினியில் நிறுவி, அதில் திறந்து பார். பார்த்து நீயாக முடிவு கட்டாதே. அதற்கு அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக: வீட்டில் அண்ணன் இல்லை, தலையணையை வைத்துப் படி 3 செய்யலாமா என்று கேட்டவருக்கு. முடியாது. தலையணைக்கு வலது கை கிடையாது.