'வின்னோ' என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பயன்படுத்துவது எப்படி?

அகராதியில் 'வின்னோ' என்ற சொல்லுக்குத் 'தூற்று' என்று பொருள் கண்டவுடன், பழி சொல்வது என்று எண்ணிவிட வேண்டாம். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரு பொருள்களும் உண்டு. ஆங்கிலத்திலோ பழிக்கும் பொருள் அறவே இல்லை. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறோமே, அந்தத் தூற்றுதல்தான் இது.

படி 1: முதலில் நெற்களத்தை மனக்கண்ணில் பாருங்கள். நெல் நிறைந்த முறத்தைத் தலைக்குமேல் தூக்கி, காற்று வீசும் நேரம் பார்த்து மெல்லச் சரித்தால், கனமான மணிகள் காலடியில் குவிய, பதரும் தூசும் சற்றுத் தள்ளிப் போய் விழும். இச்சொல் காற்றைக் குறிக்கும் 'விண்ட்' என்பதிலிருந்தே பழைய ஆங்கிலத்தில் பிறந்தது. (சாளரத்தைக் குறிக்கும் 'விண்டோ'வும் 'காற்றின் கண்' என்று பொருள்படும் நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) மொழிச் சொல்லிலிருந்து வந்ததே.)

படி 2: இறந்தகாலம் 'வின்னோட்', தொடர்வினை 'வின்னோயிங்'.

படி 3: உடன் வரும் சிறு சொற்களைக் கவனியுங்கள்; பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. 'வின்னோ தி சாஃப் ஃப்ரம் தி கிரெயின்' என்றால் மணியிலிருந்து பதரைப் பிரிப்பது. 'வின்னோ அவுட்' என்பதை அடுத்துப் பெரும்பாலும் கழிக்கப்படும் பொருள் வரும்: 'வின்னோ அவுட் தி வீக் ஆர்கியுமென்ட்ஸ்', அதாவது வலுவற்ற வாதங்களை நீக்குவது. 'வின்னோ டவுன் டு' என்றால் பெருந்தொகையைக் குறைத்துக் குறைத்து ஓர் எண்ணிக்கைக்குக் கொண்டுவருவது. வேலைக்கு வந்த விண்ணப்பங்களைப் பற்றிப் பேசும்போது இதுவே மிகவும் பொருந்தும்.

படி 4: 'சிஃப்ட்' என்னும் சொல்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சல்லடையில் சலிப்பது. அளவைக் கொண்டு பிரிக்கிறது. தூற்றுவதோ எடையைக் கொண்டு பிரிக்கிறது. உருவகமாக வரும்போது இரண்டும் நெருங்கி வந்தாலும், குவியலைத் துருவி ஆராய்வதற்கு 'சிஃப்ட்', வேண்டாததைக் கழித்துக்கட்டுவதற்கு 'வின்னோ' என்று கொள்வதே நல்லது.

படி 5: இப்போது பழகுங்கள். கடையில் ஒரு சட்டையை எடுத்ததற்கு இச்சொல் பொருந்தாது, ஏனெனில் அங்கே குவியலும் இல்லை, பதரும் இல்லை. போட்டிக்கு வந்த 200 கதைகளைப் பலமுறை படித்து 12 கதைகளை மட்டும் நிறுத்திக்கொண்டீர்களானால், 'வி வின்னோட் தி ஸ்டோரீஸ் டவுன் டு ட்வெல்வ்' என்று தயங்காமல் எழுதலாம்.