பத்தாயிரம் ஆண்டுக்குப் பின் மனிதன்: கணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்கால மனிதனை வரையச் சொன்னால் பெரும்பாலோர் பெரிய தலை, ஒல்லியான கைகால், செல்போனுக்கு ஏற்ற நீண்ட கட்டைவிரல் என்றுதான் வரைவார்கள். உபயோகித்தால் வளரும், விட்டால் தேயும், அது பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்ற பழைய எண்ணம் இன்னும் நம்மை விடவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனை தலைமுறையாகக் காது குத்துகிறோம், ஒரு குழந்தையாவது துளையோடு பிறந்ததுண்டா? உடம்பில் நடக்கும் மாற்றம் விந்தணுவிலும் கருமுட்டையிலும் உள்ள மரபணுவைத் திருத்தி எழுதுவதில்லை. ஒரு பண்பு பரவ வேண்டுமென்றால் அது ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும், மரபணு வழியாக இறங்க வேண்டும், அது உள்ளவர்களுக்கு வளர்ந்து ஆளாகும் பிள்ளைகள் கூடுதலாக இருக்க வேண்டும். நீண்ட கட்டைவிரல்காரருக்குப் பிள்ளை அதிகமா? இல்லையென்றால் அந்தப் படத்தை அழித்துவிடலாம்.

தாத்தாவைவிடப் பேரன் நாலு விரற்கடை உயரம் என்பதும் பரிணாமம் அல்ல. சத்தான சாப்பாடும் தடுப்பூசியும் செய்த வேலை அது.

அடுத்த தவறு, வருஷத்தை எண்ணிவிட்டுத் தலைமுறையை எண்ணாமல் விடுவது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால், பெரிய கோயில் எழுந்த 1010 முதல் இன்றுவரை ஏறத்தாழ 40 தலைமுறைதான். இரண்டு போகம் எடுக்கும் வயலில் நெல் அந்த 40 தலைமுறையை 20 வருஷத்தில் முடித்துவிடும். அதற்காக மனிதனில் எதுவுமே மாறாது என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் பிழை. பெரியவர்களுக்கும் பால் செரிக்க உதவும் மரபணு மாற்றம் ஐரோப்பாவிலும் வடமேற்கு இந்தியாவிலும் கடந்த 10,000 ஆண்டுகளுக்குள், அதாவது 400 தலைமுறைக்குள் பரவியதுதான். தெற்கே வரவர அது குறைகிறது.

“மூணு வேளையும் அரிசிச் சோறு, போகப் போக உடம்பு பழகிக்கொள்ளும், சர்க்கரை நோய் தானாகக் குறையும்” என்று டெல்டாவில் சிலர் நம்புகிறார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பெரும்பாலும் பிள்ளைகள் பிறந்து முடிந்த பிறகே வருகிறது. நோய் வந்தவரும் வராதவரும் அதற்குள் தங்கள் மரபணுவைக் கொடுத்தாகிவிட்டது. அதனால் இயற்கைத் தேர்வின், அதாவது கூடுதல் பிள்ளைகள் வழியே ஒரு பண்பு பரவும் முறையின், பிடி இங்கே மிகத் தளர்வு. தட்டில் சோற்றைக் குறைப்பதைத் தலைமுறைகளிடம் ஒப்படைக்க முடியாது.

சொந்தத்தில் கல்யாணம் பற்றித்தான் குழப்பம் அதிகம், ஆகவே கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வருகிறது. சமூகத்தில் உள்ள 100 பிரதிகளில் 1 பழுது, ஒருவரின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் என்று கொள்ளுங்கள். உறவில்லாதவர் மணந்தால் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய். அத்தை மகன், மாமன் மகள் என்றால் சுமார் 1,400-இல் ஒன்று. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் சுமார் 750-இல் ஒன்று. பிறக்கும் குழந்தைக்கு இது நிஜமான ஆபத்து, அதை லேசாக எடுக்கக் கூடாது. ஆனால் “இனமே கெட்டுப்போகும்” என்பது தவறு. உறவு மணம் புதிதாக எந்தப் பழுதையும் உண்டாக்குவதில்லை. தனித்தனியே ஒளிந்திருந்த பிரதிகளை ஒரே குழந்தையிடம் ஜோடி சேர்க்கிறது.

“நோயாளிகளை மருத்துவம் காப்பாற்றுவதால் மனித இனம் பலவீனமாகிறது” என்ற பேச்சையும் இதே கணக்கு உடைக்கிறது. நோயுற்ற ஒருவருக்குக்கூடப் பிள்ளை இல்லை என்று வைத்தாலும், உறவு மணம் இல்லாத சமூகத்தில் அந்த 100-க்கு 1 பாதியாகக் குறைய 100 தலைமுறை ஆகும். அதாவது 2,500 ஆண்டு. கல்லணை கட்டிய காலத்தில் தொடங்கியிருந்தாலும் இன்னும் பாதிக்கு வந்திருக்காது! ஏனென்றால் பழுதில் பெரும்பங்கு நோயே இல்லாத, ஒற்றைப் பிரதி சுமப்பவர்களிடம் இருக்கிறது. எல்லோரையும் குணப்படுத்தினாலும் அது பெருகுவது ஆமை வேகத்தில்தான். புதுப் பழுது ஒரு தலைமுறையில் ஒரு மரபணுவுக்குப் பெரும்பாலும் லட்சத்தில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. சிகிச்சை பெறும் குழந்தையைப் பார்த்து இனத்தின் பேரால் முகம் சுளிப்பவர்களுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.

மருத்துவத்தால் பரிணாமம் நின்றுவிட்டது என்பதும் சரியல்ல. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதுச் சடுதிமாற்றங்களோடு, அதாவது மரபுப் பொருளில் திடீரென நேரும் மாற்றங்களோடு, பிறக்கிறது. தகப்பனின் வயது ஏற ஏற அந்த எண்ணிக்கையும் கூடுகிறது. யாருக்கு எத்தனை பிள்ளை என்ற வேறுபாடும் மறையவில்லை. சிசேரியன் பெருகியதற்குப் பெண்களின் இடுப்பெலும்பு சுருங்கியதே காரணம் என்று பரிணாமக் கணக்கில் எழுதும்போது கவனம் வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். ஒன்றிரண்டு தலைமுறைக்குள் இடுப்பெலும்பு இந்த அளவுக்குச் சுருங்க வழியில்லை. மாறியது மருத்துவமனை வழக்கம்.

கடைசியாக, மரபணுத் திருத்தம். வெள்ளத்தில் முழுகினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 நெல்லைக் காட்டி, மனிதனையும் இப்படி ஆக்கலாமே என்கிறார்கள். அந்தத் தாங்குதிறன் பெரும்பாலும் ஒரே மரபணுவின் வேலை. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ ரகத்திலிருந்து அதை எடுத்து, மூல ரகமான சி.ஆர். 1009-உடனேயே திரும்பத் திரும்பக் கலந்து, சரிவராத நாற்றுகளைப் பிடுங்கி எறிந்து உருவாக்கினார்கள். மனித உயரத்தோடு தொடர்புள்ளதாக 2022-இல் கண்டறியப்பட்ட மரபணு வேறுபாடுகளோ 12,000-க்கு மேல், ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. சரிவராத நாற்றைப் பிடுங்கி எறியலாம், பிள்ளையை எறிய முடியாது.