உணவுக்குழாய், இரைப்பை ஆபரேஷன் வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருஷமும் புது ஹவுஸ் சர்ஜன்களும் புது ஸ்டாஃப் நர்ஸ்களும் வருகிறார்கள். நாங்கள் வந்த புதிதில் செய்த அதே தப்புகளை, கிட்டத்தட்ட அதே வரிசையில் செய்கிறார்கள். மதுரையில் இந்த வார்டில் ரொம்ப காலமாக சிஸ்டராக இருப்பவள் நான். கை கழுவுவது, ட்ரிப்ஸ் ஓடுகிறதா என்று பார்ப்பது போன்றவற்றை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

நழுவிய ரைல்ஸ் டியூபை மறுபடி தள்ளுவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

மூக்கு வழியாக இரைப்பைக்குள் போகும் குழாய்தான் ரைல்ஸ் டியூப், சுருக்கமாக ஆர்.டி. மற்ற வார்டுகளில் அது வெளியே வந்தால் ஜெல்லி தடவி மறுபடி போட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வருவதுதான் ஆபத்து. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும்போது, அதன் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையை நீளமான குழாயாக்கி மேலே இழுத்து, கழுத்திலோ நெஞ்சுக்குள்ளோ மிச்சமுள்ள உணவுக்குழாயோடு தைக்கிறார்கள். அந்த இரைப்பைக்கு ரத்தம் பெரும்பாலும் கீழிருந்து வரும் ஒரே தமனியை நம்பி இருக்கிறது. மேல் நுனிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான், தையல் விழுவதும் அங்கேதான். போதாததற்கு, குடலுக்கு இருக்கும் வெளியுறை உணவுக்குழாய்க்குக் கிடையாது. நூல் பிடிப்பு குறைவு.

இணைப்பு அவ்வளவு சிக்கலானது. 1913-ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற சர்ஜன் ஒரு அம்மாவின் உணவுக்குழாயை எடுத்தபோது உள்ளே இணைக்கவே முயலவில்லை, ரப்பர் குழாயை உடம்புக்கு வெளியே மாட்டிவிட்டார். அந்த அம்மா அதோடு பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். இப்போது உள்ளேயே தைக்கிறோம், ஆர்.டி. அந்தத் தையலைத் தாண்டித்தான் போகிறது. கண்ணால் பார்க்காமல் இன்னொரு குழாயைச் செருகினால் முனை எங்கே போய் முட்டும் என்று சொல்ல வேண்டுமா?

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் டியூபை இழுத்துவிட்டார். "தம்பி, கொழா வெளிய வந்துருச்சுய்யா" என்று அவர் மனைவி பதற, டியூட்டியில் இருந்த பையன் நல்லெண்ணத்தில் புது டியூபை எடுத்துப் போட்டான். நடுவில் தடுத்தது. கொஞ்சம் அழுத்தித் தள்ளினான். சிரிஞ்சில் காற்றடித்து, ஸ்டெத்தில் சத்தம் கேட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவும் செய்துவிட்டான். (அந்தச் சத்தத்தை நம்பவே கூடாது. டியூப் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் கேட்கும்.) காலையில் கேஸ் ஷீட்டில் ஒரே வரி: ஆர்.டி. மறுபடி போடப்பட்டது. ஆபரேஷன் செய்த டாக்டருக்கு ஒரு போன்கூடப் போகவில்லை.

இரண்டு நாளில் கழுத்துத் தையல் சிவந்து, நுரையோடு எச்சில் கசிந்தது. டியூபைத் தள்ளியதால்தான் கசிந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. யாரும் தொடாமலே கசிகிற தையல்களும் உண்டு. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கே இடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. கழுத்தில் கசிந்ததால் தப்பித்தார், நெஞ்சுக்குள் என்றால் உயிருக்கே உலை. வாரக்கணக்கில் வாயில் தண்ணீர் படவில்லை, வயிற்றில் போட்ட ஃபீடிங் டியூப்தான் கதி. மல்லிகைப் பூ எடுக்கிற வேலையை விட்டுவிட்டு அவர் மனைவி கட்டிலடியில் படுத்துக் கிடந்தார்.

சரி, நழுவினால் என்ன செய்வது? பாதி வந்திருந்தால் நிற்கிற இடத்திலேயே பிளாஸ்டர் ஒட்டி நிறுத்துங்கள். முழுசாக வந்துவிட்டால் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், ஏனென்றால் நரம்பு அறுபட்ட அந்த இரைப்பை தானாகச் சரிவரக் காலியாகாது, நிரம்பினால் நுரையீரலுக்குள் ஏறும். உடனே ஆபரேஷன் செய்தவரைக் கூப்பிடுங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும். சில நேரம் வேண்டாம் என்று விட்டுவிடுவார். வேண்டுமென்றால் எண்டோஸ்கோபியில் பார்த்துக்கொண்டே போடுவார்.

மூக்கருகே டியூப் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதுங்கள். நம்மூர் மே மாச வெயிலில் பிளாஸ்டர் வியர்வையில் உரிந்துவிடும். காலையும் மாலையும் மூக்கைத் துடைத்துப் புதிதாக ஒட்டினால் பாதிப் பிரச்சினை வராது.

படபடப்பை "வலிதான்" என்று விடுவது

காய்ச்சல் வருவதற்கு முன்பே, கசிவை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் இதயத் துடிப்புதான். வலி மருந்து கொடுத்த பிறகும் நிமிஷத்துக்கு 110-க்கு மேலேயே நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். புதிதாகத் தாறுமாறாக அடித்தால் உடனே சொல்லுங்கள்.

ஃபீடிங் டியூபில் மாத்திரையைப் பொடித்துப் போடுவது

அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையின் மேல்பூச்சு போனால் மருந்தும் வீண், டியூபும் அடைபடும்.

"வாய் நனைக்க" இளநீர்

கிடையாது.

"இனி எல்லாம் சாப்பிடலாம்" என்று வீட்டுக்கு அனுப்புவது

இரைப்பையை எடுத்தவருக்கு உணவைத் தேக்கி வைக்க இடமில்லை. நேராகக் குடலுக்குள் இறங்கும். ஒருவர் டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்தில் போகிற வழியிலேயே ஒரு பெரிய கிளாஸ் ஜிகர்தண்டா குடித்தார். அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, மாரடைப்பு என்று பயந்துபோய்த் திரும்பி வந்தார். அதிக இனிப்பு சட்டென்று குடலுக்குள் இறங்கினால் அப்படித்தான் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்து. ஜிகர்தண்டாவையும் கருப்பட்டி போட்ட பருத்திப்பாலையும் பெயர் சொல்லியே தடுங்கள், "இனிப்பு வேண்டாம்" என்றால் யாருக்கும் இது நினைவுக்கு வராது.

அப்புறம், முழு இரைப்பையையும் எடுத்தவருக்கு வைட்டமின் பி12 ஊசி ஆயுசுக்கும் தேவை. கல்லீரலில் சேமிப்பு சில வருஷம் தாங்கும் என்பதால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுவார்கள். கால் மரத்துப்போன பிறகு வருவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதினால் மட்டும் போதாது. கூட வந்திருக்கும் மகளையோ மருமகளையோ கூப்பிட்டு, அடுத்த ஊசி என்றைக்கு என்று அவர்கள் போனிலேயே குறித்துக் கொடுங்கள்.