ரேஞ்ச் ரோவர் ஆசையும் பட்டறை பில்லும்: சிங்கப்பூரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஏறுவதற்கு மலை கிடையாது, புழுதி பறக்க ஓட்டுவதற்குப் பாலைவனமும் கிடையாது. விரைவுச்சாலையிலும் 90-ஐத் தாண்டினால் கேமரா கண்ணடிக்கும். ஆனாலும் டிஃபெண்டர், ஜி-கிளாஸ், லேண்ட் குரூஸர் என்று வரிசையாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதில் தப்பொன்றும் இல்லை. உயரமான இருக்கை, அப்பா அம்மா பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொள்ள இடம், ஜூன் விடுமுறைக்குக் கேமரன் மலை, தைப்பூசத்துக்குப் பத்துமலை. ஆசைப்படக் காரணம் இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், வாங்கும் விலைக்கு வெள்ளி வெள்ளியாகக் கணக்குப் போடுகிறவர்கள் அதற்கப்புறம் வரும் செலவை "பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "நான் என்ன சேற்றிலா இறக்கப்போகிறேன்? பள்ளிக்கூடம், அலுவலகம், தேக்கா. இதற்கு எப்படிக் கெடும்?" என்பார்கள். இந்த ஊரில் இந்த வண்டிகள் பெரும்பாலும் கெடுவதே அப்படித்தான். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். சொகுசு ஃபோர்-வீல்-டிரைவ் இரண்டு விதமாகவும் தின்னும். சிங்கப்பூரில் அசையாமல் தின்பதுதான் அதிகம்.

கிலோமீட்டரைப் பார்த்து மயங்குவது

"ஏழு வருஷ வண்டி, 50,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் பேட்டரியும் கிலோமீட்டரை எண்ணுவதில்லை. வெயிலையும் ஈரத்தையும் வருஷத்தையும்தான் எண்ணும்.

முதலில் ஏர் சஸ்பென்ஷன். ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி, டிஃபெண்டரின் பல ரகங்கள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகளின் மேல் நிற்கின்றன. வருஷங்கள் போகப்போக அந்த ரப்பரின் மடிப்புகளில் மயிரிழை வெடிப்பு விழும், காற்று மெல்லக் கசியும். கசிந்த காற்றை நிரப்ப கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஓடும். அது அவ்வளவு நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. சூடாகி ஒருநாள் நின்றுவிடும். ஒரு பையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பை, கம்ப்ரஸர், காற்றைப் பங்கிடும் வால்வு பிளாக் என்று மூன்றாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயருக்கும் மேலே மட்கார்டு வரை உள்ள இடைவெளியை இரவில் அளந்து வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அங்கேதான் கசிவு. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம், "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது. கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.

அடுத்தது பேட்டரி. ஐந்து நிமிட ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஐந்து நிமிட ஓட்டம் என்றால் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகவே ஆகாது. இந்த வண்டிகளில் கதவுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று என்று கம்ப்யூட்டர்கள் நிறைய. மின்னழுத்தம் இறங்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புகார் கொடுக்கும். சஸ்பென்ஷன் கோளாறு, கியர்பாக்ஸ் கோளாறு, பார்க்கிங் பிரேக் கோளாறு என்று திரை முழுக்க எச்சரிக்கை வரும். இதைப் பார்த்துப் பயந்து விலை உயர்ந்த மாட்யூலை மாற்றச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் இரண்டு பேட்டரி இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். புதிதாக மாற்றினால் அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார்களா என்றும் கேளுங்கள். பதிவு செய்யாவிட்டால், பழைய பேட்டரி என்றே நினைத்து அதற்கேற்றபடி சார்ஜ் செய்யும்.

பலரும் கவனிக்காத இடம் சன்ரூஃப். திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் தூங்குமூஞ்சி மரத்தடி நிழல் கிடைத்தால் சந்தோஷமாக விட்டுவிடுகிறோம். அந்த மரத்தின் பொடி இலைகள் சன்ரூஃப் ஓரத்துக் கால்வாயில் விழுந்து, மழைநீர் வடியும் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் கூரைத் துணி வழியாகவோ தூணுக்குள்ளேயோ இறங்கி, காலடிக் கம்பளத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். அங்கே வயரிங் இணைப்புகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை சன்ரூஃபைத் திறந்து, கால்வாயைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டினால் சரி. சொட்டாவிட்டால் அடைப்பு. செலவு ஒன்றுமில்லை, விட்டுவிட்டால் ஆயிரங்களில் பேச வேண்டியிருக்கும்.

"லைஃப்டைம் ஆயில்" என்பதை நம்புவது

யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். லேண்ட் ரோவர் முதல் பிஎம்டபிள்யூ வரை பலரும் பயன்படுத்தும் இசட்எஃப் எட்டு கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கார் நிறுவனங்கள் பல இதன் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்பதுபோலப் பேசும். கியர் பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. அதன் பிளாஸ்டிக் அடித்தட்டிலேயே வடிகட்டியும் சேர்ந்திருப்பதால் அந்தத் தட்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். "ஆயில் மட்டும் மாற்றித் தருகிறேன், விலை பாதி" என்று ஒருவர் சொன்னால் எதை விட்டுவிடுகிறார் என்பது புரியும். முன்னும் பின்னும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதை இடது வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் முன் பின் டிஃபரன்ஷியல், இவற்றின் ஆயில்களும் இதே கதைதான். ஃபோர்-வீல்-டிரைவ் என்றால் சாதாரணக் காரில் இப்படித் தனித்தனியாக இல்லாத இந்த மூன்று இடங்களும் உங்கள் கணக்கில் வந்துவிடும்.

எஞ்சின் ஆயிலுக்கு 20,000 கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி சொல்லும் ஐரோப்பியக் கையேடுகள் நீண்ட நெடுஞ்சாலை ஓட்டத்தை நினைத்து எழுதப்பட்டவை. நம் ஊரின் சிக்னல், ஏர்கண்டிஷன், குறுகிய ஓட்டத்துக்கு வருஷம் ஒருமுறை, அல்லது 10,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் என் கணக்கு. இதில் மிச்சம் பிடிப்பது வீண் கஞ்சத்தனம்.

டயரிலும் ஒரு தவறு நடக்கும். ஒன்று பஞ்சரானால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் உயரமாக இருந்தால் நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துச் சமாளித்தே தேய்ந்துபோகும்.

பிராண்டுக்கு ஓட்டுப் போடுவது

"டொயோட்டா கெடாது, லேண்ட் ரோவர் வழியில் நிற்கும்." காப்பிக் கடையில் இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அடிப்படை இல்லாத பேச்சல்ல, ஆனால் இதை மட்டும் நம்பி வண்டி வாங்கக் கூடாது. எஞ்சினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்கள் பேரிங்கைப் பாழாக்கலாம் என்று, 2024 மே மாதம் அமெரிக்காவில் டொயோட்டா டன்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகள் சுமார் ஒரு லட்சத்தை டொயோட்டாவே திரும்ப அழைத்தது. இரண்டிலும் இருப்பது 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6.

லேண்ட் ரோவரிலும் எல்லா எஞ்சினும் ஒன்றல்ல. 2013 வாக்கில் வந்த ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டின் 3.0 சூப்பர்சார்ஜ்டு வி6-இல் கூலன்ட் ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள் சூட்டில் நொறுங்குவது பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குழாயின் விலை பெரிதில்லை. ஆனால் அதில் ஒன்று சூப்பர்சார்ஜருக்கு அடியில் இருப்பதால் கூலி அதிகம். வெடித்தபின் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினே போய்விடும். அதன் பிறகு வந்த இன்ஜீனியம் என்ற 2.0 டீசல் எஞ்சினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதைத் தொடுவதற்கே பெரிய கழற்றல் வேலை. ஆகவே பின்கதவில் உள்ள பெயரைப் பார்க்காதீர்கள், பானெட்டுக்கு அடியில் எந்த எஞ்சின் என்று பாருங்கள்.

சாலை வரியும் அங்கேதான் இருக்கிறது. டிஃபெண்டரையே 1,997 சிசி பெட்ரோலில் எடுத்தால் வருஷத்துக்குச் சுமார் 1,210 வெள்ளி. 2,996 சிசி என்றால் சுமார் 2,380. ஜி63-இன் 3,982 சிசிக்குச் சுமார் 3,920. உடல் ஒன்றாக இருந்தாலும் எஞ்சின் மாறினால் வரி இரட்டிப்பு.

உதிரிபாகம் வரும் நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் இணையத் தாக்குதலால், லேண்ட் ரோவரைச் செய்யும் ஜேஎல்ஆர் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றன. பாக விநியோகமும் தடுமாறியது. ஒரே காரை வைத்துக்கொண்டு அதிலேயே பிள்ளையைப் பள்ளிக்கு விட வேண்டியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உத்தரவாதம் யாருடையது என்று கேட்காமல் விடுவது

அதிகாரபூர்வ விநியோகிப்பாளரிடம் வாங்காமல், தனியாக இறக்குமதி செய்து விற்கும் பேரலல் இம்போர்ட்டரிடம் வாங்கினால் விலை குறையலாம். ஆனால் உத்தரவாதம் அந்தக் கடையுடையது, வண்டியைச் செய்த நிறுவனத்துடையது அல்ல. கடை மூடினால் அதுவும் மூடிவிடும். சாதாரணச் செடானில் இந்த அபாயத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஏர் சஸ்பென்ஷனும் 48 வோல்ட் மின்முறையும் உள்ள வண்டியில் எனக்குத் துணிச்சல் வராது.

"வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடும்" என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2017 டிசம்பரில் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டபின் முக்கிய விநியோகிப்பாளர்கள் அந்த நிபந்தனையை நீக்க ஒப்புக்கொண்டார்கள். வெளிப் பட்டறை செய்த வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் அவர்கள் மறுக்கலாம். எனவே உபியிலோ சின் மிங்கிலோ அந்த பிராண்டை மட்டுமே பார்க்கும் நல்ல பட்டறை கிடைத்தால் போகலாம். ஆயில் என்ன தரம், என்ன பாகம் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் வந்த "லெமன் லா" பழைய வண்டிக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது முன்பே இருந்ததாகவே கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. வியாபாரியிடம் வாங்கினால்தான் இந்தப் பாதுகாப்பு. தெரிந்த அண்ணனிடம் நேரடியாக வாங்கினால் கிடையாது.

சிஓஇ கடிகாரத்தை மறந்து பழுதுபார்ப்பது

இதுதான் வேறு நாட்டவர் எழுதும் பராமரிப்புக் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போகும் இடம். இங்கே சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழில் வண்டிக்குப் பத்தாண்டு ஆயுள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் 12,000 வெள்ளிக்கு ஒரு வேலை வந்தால் மிச்சமிருக்கும் ஏழாண்டுக்குப் பங்கிடலாம், ஆண்டுக்குச் சுமார் 1,700. அதே வேலை எட்டரை ஆண்டில் வந்தால் ஆண்டுக்கு 8,000. பில் ஒன்றுதான், செலவு ஒன்றல்ல.

வண்டியைப் பதிவிலிருந்து நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் பணமும் (இதைத்தான் பார்ஃப் என்கிறார்கள்) பலர் நினைப்பதுபோல இல்லை. திறந்த சந்தை மதிப்பு, அதாவது வரிக்கு முந்தைய இறக்குமதி மதிப்பு, 120,000 வெள்ளி உள்ள வண்டிக்கு, 2023 பிப்ரவரியில் வந்த விகிதப்படி கூடுதல் பதிவுக் கட்டணம் மட்டும் 264,000. அப்போதைய பார்ஃப் விகிதப்படி பத்தாம் ஆண்டில் அதில் பாதி, 132,000 வர வேண்டும். ஆனால் அப்போதே பார்ஃப் தொகைக்கு 60,000 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். எந்த விதி என்பது சிஓஇ எடுத்த தேதியைப் பொறுத்தது. பழைய வண்டி பார்க்கும்போது விற்பவரிடம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டாரிங் தளத்தில் பார்ஃப் தொகையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், வாய்க்கணக்கு வேண்டாம்.

சிஓஇ-யைப் புதுப்பித்தால் அந்தப் பார்ஃப் தொகையும் போய்விடும். சாலை வரியில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 50 வரை கூடுதல் ஏறும். வாகனச் சோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை ஆகிவிடும். லேண்ட் குரூஸருக்கு இது சரிப்படலாம். பதினொரு வயது ரேஞ்ச் ரோவருக்குச் செய்கிறவர்கள் நல்ல பட்டறைக்காரரை முதலில் நண்பராக்கிக்கொள்ளட்டும்.

இடம் பார்க்காமல் வாங்குவது

இங்கே கார் நிறுத்தும் கட்டம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். இப்போதைய ரேஞ்ச் ரோவர் 5.05 மீட்டர் நீளம். கண்ணாடியை மடித்தாலும் 2.05 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஒரு சாண்கூட மிஞ்சாது. 22 அங்குல ரிம் திட்டில் உரசுவது அங்கேதான்.

பாலம் தாண்டியபின்

சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற முக்கால் டேங்க் விதி, ஜோகூருக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். அங்கே சிங்கப்பூர் வண்டிக்கு ரான்95 பெட்ரோல் போட அனுமதி இல்லை, ரான்97தான். இதெல்லாம் எளிது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஆசைக்கு இறக்குகிறவர்கள், அதற்கு முன் காப்புறுதிப் பத்திரத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். மலேசியச் சாலையில் மோதினால் பணம் கிடைக்கும் என்பதால், ஓடையில் சிக்கி எஞ்சினுக்குள் தண்ணீர் போனாலும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகும் என்பது நிறுவனமே சொல்லும் அளவு. போகும்தான். போய்வந்தபின் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் நிறம் வெளுத்துக் கலங்கலாக இருக்கும், உடனே மாற்ற வேண்டும். ரேடியேட்டர் இடுக்கிலும் பிரேக்கிலும் ஒட்டிய மண்ணை அன்றே கழுவிவிடுவது நல்லது. காய்ந்தபின் அது எளிதில் வராது. உட்லண்ட்ஸ் வரிசையில் இரண்டு மணி நேரம் ஏர்கண்டிஷனோடு நிற்கும்போதுதான், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் சூட்டைக் காட்டத் தொடங்கும்.