என்கோடிங் ஓடும்போது கணினி திணறாமல் இருக்க

லினக்ஸில் வீடியோ என்கோடிங் (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலை) ஓடினாலே மவுஸ்கூட தத்தித் தத்தி நகர்ந்தது. கட்டளைக்கு முன்னால் நைஸ் (nice, சிபியுவில் ஒரு வேலையின் முன்னுரிமையை மாற்றும் கட்டளை) சேர்த்து மதிப்பு 19 கொடுத்தேன். எண் -20 முதல் 19 வரை. கூடக் கூட முன்னுரிமை குறையும். எண் தராமல் விட்டால் 10 கூடும், கனமான வேலைக்கு அது போதாது. ஏற்கெனவே ஓடும் வேலைக்கு ரீநைஸ் (renice) கட்டளையும் அந்த வேலையின் அடையாள எண்ணான பிஐடியும். ஏற்றிய எண்ணை மறுபடி இறக்கப் பெரும்பாலும் ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும்.

19 கொடுத்தும் பலன் தெரியவில்லையா? ஆட்டோகுரூப்பைப் பாருங்கள்; வேலைகளைத் தானாகக் குழு பிரிக்கும் வசதி அது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கிறது. அது இயங்கினால் ஒவ்வொரு டெர்மினல் அமர்வும் தனிக் குழு; நைஸ் மதிப்பு அந்தக் குழுவுக்குள்தான் செல்லும். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். கெர்னல் அமைப்பில் அதை 0 ஆக்கிய பிறகே எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

நைஸ் சிபியுவோடு சரி. டிஸ்க்கைப் போட்டு வாட்டும் பேக்கப்புக்கு அயோநைஸ் (ionice, டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் கட்டளை), வகுப்பு 3, அதாவது டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும் ஓடுவது. டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் 'நன்' (none) என்றிருந்தால் அது எடுபடாது, பிஎஃப்க்யூ (BFQ) என்ற ஷெட்யூலருக்கு மாற்றுங்கள். ரேம் நிரம்பி ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் டிஸ்க் இடம்) விழுந்துவிட்டால் இவை எதுவும் உதவாது. என்கோடரின் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள், நினைவகத் தேவையும் ஓரளவு இறங்கும்.