வள்ளத்து டீசல் இஞ்சின் கரி கக்கினால்

இன்ஜெக்டரை (டீசலைத் தெளிக்கும் பாகம்) கழற்ற முதல், இஞ்சின் பெட்டி மூடியைத் திறந்துவிட்டு கரி கக்கிய அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள் (உடுத்த சாரம் பெல்ட்டில் சிக்காமல் கவனம்). புகை குறைந்தால் பெட்டிக்குள் காற்றுப் போதவில்லை. கரும்புகை என்பது காற்றுக் காணாமல் அரைகுறையாய் எரிந்த டீசல்தான். அநேகமாக வலையோ சாக்கோ காற்று வழியை அடைத்திருக்கும்.

குறையாவிட்டால் எயார் பில்ட்டரைப் பாருங்கள். சும்மா நிற்கையில் சுத்தமாய் ஓடி, ஓட்டத்தில் மட்டும் கக்கினால் வள்ளத்தின் அடியையும் புரொப்பெல்லரையும் சுரண்டுங்கள். நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளில் கட்டிக்கிடந்த வள்ளத்தில் சிப்பி ஏறினால் சுமை கூடும். வேகத்தைப் பிடிக்க இஞ்சின் கூடுதல் டீசலை இழுக்கும்.

வெள்ளை, நீலப் புகைக்கு இது சரிவராது. நீலம் என்றால் இஞ்சின் ஒயில் எரிகிறது. மண்ணெண்ணெய் அவுட்போர்டுக்கும் பொருந்தாது.