தேவன் தெரிந்துகொண்டது ஒருவனையா, ஒரு ஜனத்தையா? வாதத்தில் இடறும் இடங்கள்

இரட்சிப்புக்கென்று தேவன் தெரிந்துகொண்டது தனி ஆட்களையா, கிறிஸ்துவுக்குள் இருக்கும் ஒரு கூட்டத்தையா (இதற்குக் கூட்டுத் தெரிந்துகொள்ளுதல் என்று பெயர்) என்று கிறிஸ்தவர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் முதல் தவறு ஒரு சொல்லிலேயே நேர்ந்துவிடுகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் "தெரிந்துகொண்டார்" என்றால் தேர்ந்தெடுத்தார் என்று பொருள். இன்றைய காதில் அது "அறிந்துகொண்டார்" என்றே விழும். எபேசியர் 1:4இல் "கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டபடியே" என்று வருவதை அப்படி வாசிப்பவர், யார் விசுவாசிப்பார்கள் என்று தேவன் முன்பே அறிந்ததைத்தான் பவுல் சொல்கிறார் என்று எண்ணிவிடுவார். முன்னறிதல் வேறு சொல். அது ரோமர் 8:29இல் வருகிறது.

அதே எபேசியர் வசனத்தில் "நம்மை" என்பது பன்மை, ஆகவே கூட்டம்தான் தெரிந்துகொள்ளப்பட்டது என்பார்கள். இது நிற்காது. பத்துப் பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தாலும் "உங்களை அழைத்தேன்" என்றுதானே சொல்வோம்? கூட்டுத் தெரிந்துகொள்ளுதலின் உண்மையான பலம் பன்மையில் இல்லை, "கிறிஸ்துவுக்குள்" என்ற சொல்லில் இருக்கிறது. தெரிந்துகொள்ளப்பட்டவர் கிறிஸ்து, விசுவாசத்தால் அவரோடு இணைகிறவர்கள் அதில் பங்கடைகிறார்கள் என்பதே அந்த வாதம். இதை "ஆளில்லாத வெற்றுக் கூட்டத்தைத் தேவன் தெரிந்துகொண்டார்" என்று சுருக்கிக் கேலி செய்வது நியாயமல்ல. ஆனால் உள்ளே வருவது யார் என்பதை மனிதனே தீர்மானிக்கிறான் என்றால் தேவன் தெரிந்துகொண்டதுதான் என்ன என்று எதிர்த்தரப்பு கேட்பது நல்ல கேள்வி. அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

அதிகம் சறுக்குவது ரோமர் 9இல். அங்கே வரும் யாக்கோபும் ஏசாவும் தனி ஆட்களல்ல, இரண்டு ஜாதிகள் (அதாவது ஜனங்கள்) என்பதற்கு ஆதியாகமம் 25:23ஐயும் மல்கியா 1ஐயும் காட்டி, வாதம் முடிந்தது என்று சிலர் எழுந்துவிடுகிறார்கள். பவுலின் துக்கமோ யாக்கோபின் ஜாதியான இஸ்ரவேலுக்குள்ளேயே பலர் விசுவாசிக்கவில்லை என்பதுதான். "இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலரல்லவே" என்று 9:6இல் ஜாதிக்குள்ளேயே கோடு கிழிக்கிறார். மறுபக்கம், தனிநபர் வாதக்காரர்கள் 9ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். 11இல் அவிசுவாசத்தால் முறிந்த கிளைகள், அதில் நிலைத்திராவிட்டால், மறுபடியும் ஒட்டவைக்கப்படும் என்று இருக்கிறதே! 11:32 வரை வாசிக்காதவர் 9ஐ மேற்கோள் காட்டாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

தெரிந்துகொள்ளுதல் என்ற சொல் வரும் இடமெல்லாம் இரட்சிப்பைப் பற்றியதும் அல்ல. யோவான் 6:70இல் இயேசு தெரிந்துகொண்ட பன்னிருவரில் யூதாசும் ஒருவன்.

அர்மீனியர் (நெதர்லாந்து இறையியலாளர் அர்மீனியஸின் வழிவந்தவர்கள்) என்றாலே கூட்டுத் தெரிந்துகொள்ளுதல் என்று எழுதுவதும் பிழை. 1609இல் மறைந்த அர்மீனியஸ், முன்னறியப்பட்ட விசுவாசத்தின் அடிப்படையில் தேவன் தனி ஆட்களையே தெரிந்துகொண்டார் என்றார். அவர் வழிவந்தவர்களின் போதனையை விசாரிக்க 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் திருச்சபைப் பேரவையும் குறிப்பிட்ட ஆட்களைப் பற்றித்தான் பேசியது. அங்கே சண்டை, அந்தத் தெரிந்துகொள்ளுதலுக்கு நிபந்தனை உண்டா இல்லையா என்பதில்.

ரோமர் 16:13இல் ஒரு தனி ஆளுக்குப் பெயர் சொல்லி வாழ்த்து வருகிறது: "கர்த்தருக்குள் தெரிந்துகொள்ளப்பட்ட ரூபை". தனிப் பெயரும் இருக்கிறது, "கர்த்தருக்குள்" என்பதும் இருக்கிறது.